துன்னம் இட்ட கைகள்

கந்தல் உடுத்த பொருநன் ஒருவன் கரிகாற்சோழனிடம் போய்ச் சேர்கிறான். ஈரும் பேனும் குடியேறிய, வியர்வையில் நனைந்த, வேற்று நூல் நுழைத்துத் தைத்த துணி அவன் உடம்பில் இருக்கிறது. மன்னன் அதை நீக்கி, இழை போன வழி தெரியாத மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடிய இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். கந்தல் வறுமைக்குச் சான்று, புத்தாடை வள்ளன்மைக்குச் சான்று என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கந்தலில் வேற்று நூலைக் கோத்த கை யாருடையது? பாடல் சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை. துன்னம் என்றால் தையல் என்று பொருள் எழுதி முடித்துக்கொள்கிறோம். தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை அந்த இடத்தில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

நூற்ற பெண்களைச் சங்க இலக்கியம் அறியும். பருத்திப் பெண்டிர் என்று புறநானூறு சொல்கிறது. ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைக் கபிலர் நற்றிணையில் உவமையாக்குகிறார். பின்னாளில் நன்னூல், நூல் செய்யும் புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டது. பஞ்சு சொல்லாயிற்று, நூற்பவள் புலவனானாள். புலவர்களின் பெயர்கள் நம்மிடம் உள்ளன. நூற்றவளோ உவமையாகவே நின்றுவிட்டாள்.

கொல்லிமலையைப் பற்றிய பாட்டிலும் இதே நிலைதான். மலையை ஆண்ட ஓரியிடம் பரிசில் பெற்றவர்களை வன்பரணர் பாடுகிறார். யானைகளோடு அவர்களுக்குக் கிடைத்தது குளிர்ந்த நீரில் பூக்காத குவளை. மணிகளால் செய்து வெள்ளி நாரில் தொடுத்த செயற்கைப் பூ அது. கையால் செய்த பரிசுப் பொருள் ஒன்று கொல்லியின் பெயரோடு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. கொடுத்தவன் பெயரும் பாடியவர் பெயரும் இருக்கின்றன. செய்தவர் பெயர் இல்லை.

அந்த மலையின் பைல் நாட்டிலிருந்து என் வகுப்புக்கு வந்த மாணவியரிடம் ஒருமுறை, வீட்டில் பெண்கள் செய்த, கடையில் வாங்காத ஒரு பொருளைக் கொண்டுவரச் சொன்னேன். உரச் சாக்கைப் பிரித்துத் தைத்த பை, விதை போட்டு வைக்கும் சுரைக்குடுக்கை, பழஞ்சேலையைக் கிழித்து முறுக்கிப் பின்னிய கால்மிதி, மிட்டாய்த் தாள்களை மடித்துக் கோத்த வாசல் தோரணம் என்று மேசை நிறைந்தது. தோரணம் அண்ணியின் வளைகாப்புக்காகச் செய்தது. “இதெல்லாம் சும்மா செய்ததும்மா” என்றாள் அதைக் கொண்டுவந்தவள். அந்தச் ‘சும்மா’வுக்குள் எத்தனை இரவுகள் போயின என்று கேட்டோம். கணக்கு அவளிடம் இல்லை.

ஒரு பருத்திச் சேலையின் ஆயுளை எண்ணிப் பாருங்கள். உடுத்தி நைந்தபின் உறுதியான பகுதி தூளியாகும். மென்மையான பகுதி மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாகும். பிறகு அது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி, மாதவிடாய்த் துணி, கடைசியில் விளக்குத் திரி. எந்தப் பகுதி எதற்குத் தாங்கும் என்ற தீர்ப்பு ஒவ்வொரு கட்டத்திலும் தேவைப்படுகிறது. அதை அறிவு என்று நாம் சொல்வதில்லை, சிக்கனம் என்கிறோம். அதே சேலையிலிருந்து வந்தாலும் கரித்துணி வெயிலில் காயலாம், மாதவிடாய்த் துணி மறைவில்தான் காய வேண்டும் என்ற விதியும் அந்த ஆயுளுக்குள் இருக்கிறது. வெயில் படாத துணியின் ஈரம் பெண்ணுடலுக்கு என்ன செய்யும் என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, காந்தா தைத்தார்கள். விற்பதற்காக அல்ல, பிறக்கும் குழந்தைக்கும் மணமாகிப் போகும் மகளுக்கும் கொடுப்பதற்காக. மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா கொல்கத்தாவின் ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அவள் துணியிலேயே ஊசியால் தன் பெயரையும் எழுதிவைத்தாள். அதனால்தான் இன்று அவளைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

பிக்காசோ 1912இல் ஓவியத்தில் எண்ணெய்த்துணியையும் கயிற்றையும் ஒட்டியதைக் கலை வரலாறு புதுமை என்று எழுதியது. அதற்கு வெகுகாலம் முன்பே பெண்கள் துணியையும் தாளையும் சேர்த்து வைத்து, வெட்டி ஒட்டியும் தைத்தும் படைத்து வந்ததை மிரியம் ஷபிரோவும் மெலிசா மேயரும் 1977-78இல் ‘ஹெரெசீஸ்’ என்ற பெண்ணிய இதழில் நினைவூட்டினார்கள். அதற்கு ‘ஃபெம்மாஜ்’ என்று பெயரும் வைத்தார்கள். நம் நாட்டில், உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் கொண்டு சண்டிகரில் பாறைத் தோட்டம் அமைத்த நேக் சந்துக்கு 1984இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். ஆனால் அதே உடைந்த வளையலை நெருப்பில் வளைத்துச் சங்கிலியாகக் கோத்து நிலைப்படியில் தொங்கவிட்ட பெண்ணின் வேலைக்கு நாம் வைத்த பெயர் பொழுதுபோக்கு.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இரண்டும் நல்லவை. ஆனால் ‘கழிவிலிருந்து கைவினை’ என்ற பயிற்சிக்கு அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதைக் கவனிக்க வேண்டும். குப்பையை உண்டாக்கும் உறைகளைத் தொழிற்சாலைகள் தயாரிக்கின்றன. அவற்றை அழகாக்கும் பொறுப்பு, காட்டு வேலையும் அடுப்பு வேலையும் முடித்த பெண்ணிடம் வந்து சேர்கிறது. அவள் செய்ததை விற்பனைக்கு வைக்கும்போது, பழைய பொருள்தானே என்று விலை குறைக்கிறார்கள். பொருள் இலவசமாக வந்ததால் உழைப்பும் இலவசம் என்றாகிவிடுகிறது.

பயன் தீர்ந்த பொருளைப் பரிசாக மாற்றும் இன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிள்ளைக்கும் தோழிக்கும் தன் கையால் ஒன்றைச் செய்து கொடுப்பது பணமற்ற பெண்களுக்கு இருந்த பெரிய சுதந்திரங்களில் ஒன்று. அந்த இன்பத்தைக் காட்டி நேரத்தையும் கூலியையும் பெயரையும் மறைப்பதுதான் என் கேள்வி.

அன்று மேசையில் இருந்த பொருள்களை மாணவியர் ஒரு நோட்டில் பதிந்தார்கள். என்ன பொருள், எதிலிருந்து செய்தது, யாருக்காக, செய்தவர் பெயர், எத்தனை நாள் ஆனது என்று ஐந்து கட்டங்கள். நான்காவது கட்டத்தில் முதலில் அம்மா, பாட்டி, அண்ணி என்றே எழுதியிருந்தார்கள். உறவை அடித்துவிட்டுப் பெயரை எழுதச் சொன்னேன். பாட்டியின் பெயரைக் கேட்க இரண்டு பேர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது. இதை வாசிக்கும் மாணவியரும் உங்கள் வீட்டுப் பொருள்களுக்கு இப்படியொரு நோட்டைத் தொடங்கலாம்.