குதிரைக்கு 350 ரூபாய்

1861ல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட் தீர்த்த வழக்கு இது. கிதிர்பூர் கப்பல் பட்டறையில் சர்க்கார் கூலியாட்கள் ஓர் இரும்புத் துண்டைச் சுமந்து போகிறார்கள். குதிரைவண்டி வருகிறது. பயந்துபோய் இரும்பைக் கீழே போடுகிறார்கள். சத்தத்தில் குதிரை மிரண்டு காயப்பட்டது. வண்டி பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியுடையது. 350 ரூபாய் கேட்டது. சர்க்கார் பொறுப்புத்தான் என்றார் தலைமை நீதிபதி பீகாக்.

அதோடு விட்டிருக்கலாம். பட்டறை நடத்துவது யாரும் செய்யக்கூடிய வியாபாரம். அரசதிகாரத்தைச் செலுத்தும் காரியமாயிருந்தால் பொறுப்பில்லை என்று, வழக்குக்கு அவசியமில்லாமலே ஒரு வார்த்தை சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் குதிரையை மறந்துவிட்டு இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அரசியல் சட்டத்தின் 300வது பிரிவைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தச் சட்டமே வராதிருந்தால் சர்க்கார் மேல் எப்படி வழக்குப் போடலாமோ, வேறு சட்டம் வரும்வரை அப்படியே போடலாமாம். அது 1935ஐக் கைகாட்ட, 1935 அதற்கு முந்தியதைக் கைகாட்ட, கடைசியில் குடியரசின் பிரஜை கிழக்கிந்தியக் கம்பெனி வாசலில் போய் நிற்கிறான்.

1947ல் மீரட் போலீஸ் ஒரு வியாபாரியைப் பிடித்துத் தங்கத்தைப் பறிமுதல் செய்தது. ஏட்டு தங்கத்தோடு பாகிஸ்தானுக்கு ஓடிப்போனார். கைது செய்வது அரசதிகாரம், நஷ்டஈடு கிடையாது என்று 1964ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சட்டத்தை மாற்றுங்கள் என்று கஜேந்திரகட்கர் அதே தீர்ப்பில் கேட்டுக்கொண்டார். 1965லும் 1967லும் வந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை. தங்கத்துக்கே இந்தக் கதி. தடியடிக்கு யார் பதில் சொல்வது?

1987 டிசம்பரில் ஒரிசாவில் ஓர் இளைஞனைப் போலீஸ் வீட்டிலிருந்து கூட்டிப்போனது. மறுநாள் ரயில் பாதையில் பிணம், உடம்பெல்லாம் காயம். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்துத் தப்பிவிட்டான் என்றது போலீஸ். தாய் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1993ல் 1,50,000 ரூபாய் தரச் சொன்னார்கள். நல்ல தீர்ப்புத்தான். ஆனால் பணம் மாநில அரசின் கஜானாவிலிருந்து. டெல்லியில் போலீஸ் அடித்துச் செத்த ஒன்பது வயதுக் குழந்தைக்கு 1990ல் 75,000 தரச் சொன்னபோது, அடித்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றாவது ஒரு வரி இருந்தது.

1964 தீர்ப்பை 1993லும் ரத்துச் செய்யவில்லை. அது சிவில் வழக்கு, இது அடிப்படை உரிமை என்று ஒதுங்கிப் போனார்கள். அந்தத் தாய் கடிதம் எழுதாமல், முத்திரைக் கட்டணம் கட்டிச் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தால், பீகாக்கின் அந்த வார்த்தைதான் அவரை முதலில் மறித்திருக்கும்.