வடசென்னையின் கேரம்: பட்டமும் பிழைப்பும்

இராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரையும், அதை ஒட்டி மேற்கே பரந்திருக்கும் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளும் சென்னையின் உடலுழைப்பைத் தாங்கிய இடங்கள் என்பதை வரலாற்று நூல்கள் விரிவாகவே பதிந்துள்ளன. அதே தெருக்கள் கேரம் என்னும் உள்ளரங்க விளையாட்டில் 2008 முதல் உலகப் பட்டம் வென்ற பெண்களை அடுத்தடுத்துத் தந்திருப்பது அந்நூல்களில் இன்னும் ஏறவில்லை. குத்துச்சண்டைக்கு இங்கே பரம்பரைகளும், அவற்றைப் பற்றிய நினைவுகளும் உண்டு. கேரமுக்குத் தெருமுனைக் கிளப் மட்டுமே உண்டு என்பதால் அதன் வரலாற்றைத் தொழில், வேலைநேரம், வீட்டின் அளவு ஆகியவற்றின் ஊடாகவே திரட்ட வேண்டியிருக்கிறது.

1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்டும் பணி தொடங்கியது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் நூற்பாலைகள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டில் திருவொற்றியூரின் விம்கோ தீப்பெட்டி ஆலை, என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை, எண்ணூரின் அசோக் லேலண்ட், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையம் என்று தொழிலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆலைத் தொழிலாளி ஷிப்டில் வேலை பார்த்தவர் என்பதால், இரவு ஷிப்டு முடித்தவருக்கு நடுப்பகலும் காலை ஷிப்டு முடித்தவருக்கு மாலையும் ஓய்வாகக் கிடைத்தன. காசிமேட்டு மீனவருக்கோ கடலின் கணக்கே வேலைநேரம். இனப்பெருக்கக் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது என்னும் அரசுத் தடை முன்பு 45 நாளாக இருந்து 2017 முதல் 61 நாளாக நீண்டதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை படகு கரையில் நிற்க, ஆட்களும் கரையில் இருக்கிறார்கள். இப்படி வெவ்வேறு வேளைகளில் ஓய்வு கிடைத்த ஆட்கள் கூடுவதற்குக் கட்சிப் படிப்பகமும், தொழிற்சங்க அறையும், நடிகர் மன்றமும் இருந்தன. அவற்றில் நாளிதழுக்கு அடுத்தபடியாக அதிகம் பயன்பட்ட பொருள் கேரம் போர்டு என்று சொன்னால் மிகையாகாது.

பந்தாட்டத்துக்கு மைதானம் வேண்டும். ஒண்டுக்குடித்தனங்கள் நெருங்கிய இப்பகுதியிலோ வெட்டவெளி அரிது. கேரம் பலகையின் ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரமே என்பதால், ஒரு ஸ்டூலும் அதன்மேல் தொங்கும் ஒரு விளக்கும் இருந்தால் நான்கு பேருக்கு ஆட்டம் கிடைத்துவிடும். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று ஆக 19 காய்களை, ஸ்ட்ரைக்கர் எனப்படும் சற்றுப் பெரிய வில்லையை விரலால் அடித்து நான்கு மூலைக் குழிகளில் தள்ளுவதே ஆட்டம். சிவப்புக் காய்க்கு ராணி என்று பெயர். அதைப் போட்டவர் தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும், தெருவில் இதை ஃபாலோ என்பார்கள். பன்னாட்டு விதிப்படி ஓர் ஆட்டம் 25 புள்ளிகளுக்கோ, போர்டு எனப்படும் எட்டுச் சுற்றுகளுக்கோ முடிகிறது. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மிகக்கூடாது, உட்கார்ந்த நாற்காலியை ஆட்டத்தின் நடுவே நகர்த்தக்கூடாது, ஆடும் கை மூலையை நோக்கி வரைந்த அம்புக்கோட்டைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் நுணுக்கமான கட்டுப்பாடுகள் உண்டு. எதிராளிக்கு வாய்ப்பே தராமல் முதல் முறையிலேயே ஒன்பது வெள்ளையையும் ராணியையும் போட்டு முடிப்பதை ஒயிட் ஸ்லாம் என்பர். காயை நேராக அடிக்க வழியில்லாதபோது சட்டத்தில் மோதித் திரும்பும் ஸ்ட்ரைக்கரின் கோணத்தைக் கணிப்பதும், தன் காயைப் போடும் அதே அடியில் எதிராளியின் காயை மறிப்பதும் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் கைகூடும். பார்ப்பவருக்கு இதில் உடலுழைப்பு தெரிவதில்லை. இதை விளையாட்டாக மதிக்க அரசும் ஊடகமும் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்டத்தை முறைப்படுத்துவதில் சென்னைக்கு நேரடிப் பங்குண்டு. அகில இந்தியக் கேரம் சம்மேளனம் 1956இல் உருவாயிற்று. கேரமின் தந்தை என்று பாராட்டப்படும் பங்காரு பாபு போன்றோரின் முயற்சியில் பன்னாட்டுக் கேரம் சம்மேளனம் 1988இல் சென்னையிலேயே நிறுவப்பட்டு, ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த விதிகளை ஒரே நூலாகத் தொகுத்தது. தெருமுனைக் கிளப்பில் ஆடப்பட்ட ஆட்டமும் உலக அரங்கில் ஆடப்படும் ஆட்டமும் அதன்பின் ஒன்றாயின. உலகச் சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை என்று இரு தனித்தனிப் போட்டிகளை இச்சம்மேளனம் நடத்துகிறது. 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடவர் பட்டம் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயத்துக்குக் கிடைத்தது. இருமுறை உலகச் சாம்பியனாகவும் ஒன்பது முறை தேசியச் சாம்பியனாகவும் விளங்கிய அவர் 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். கேரம் ஆட்டக்காரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை.

மன்றங்கள் ஆண்களின் இடங்களாகவே இருந்தன. கேரம் கிளப்புக்குப் போகும் பையன் உருப்படமாட்டான் என்ற பேச்சு வீடுகளில் இருந்தது. 2018இல் வெளிவந்த ‘வடசென்னை’ திரைப்படத்தின் நாயகன் கேரம் ஆட்டக்காரனாக அமைந்ததற்கும், அவனுடைய ஆட்டம் ரவுடிகளின் உலகத்தோடு பின்னப்பட்டதற்கும் பின்னால் அந்த எண்ணமே நிற்கிறது. ஆனால் உலகப் பட்டங்களைக் கொண்டுவந்தவர்களில் இப்பகுதியின் பெண்களே முன்னே நிற்கிறார்கள் என்பதைக் கருதும்போது, தெருக் கிளப்பின் கதை பாதிக் கதையே என்று கொள்ள வேண்டும். மறுபாதி, பலகையை வீட்டுக்குள்ளும் சிறுவர் பயிற்சி நிலையங்களுக்கும் கொண்டுவந்த குடும்பங்களின் கதை. வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளான இளவழகி 2008 பிப்ரவரியில் பிரான்சின் கான் நகரில் நடந்த ஐந்தாவது உலகச் சாம்பியன்ஷிப்பில் மகளிர் பட்டத்தை வென்றார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமாவுக்கு ஆட்டோ ஓட்டுநரான தந்தையே பயிற்சியாளர். வயது வரம்புள்ள போட்டிகளில் தொடங்கி மாநில, தேசியத் தரவரிசையில் ஏறிய காசிமா, 17 வயதில், 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஆறாவது உலகக் கோப்பையில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், அணி ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு மாலத்தீவில் நடந்த ஏழாவது உலகக் கோப்பையில் காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா அதே போல் மூன்று தங்கம் வென்றார்.

இவ்வெற்றிகளின் பொருளாதாரப் பக்கத்தைக் காண வேறொரு நாட்டின் விளையாட்டை அருகில் வைத்துப் பார்ப்பது உதவும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரையில் சறுக்கியபடி ஆடும் ஐஸ் ஹாக்கியில், நேஷனல் ஹாக்கி லீக் என்னும் தொழில்முறை அமைப்பு 1963 முதல் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்ச்சியை நடத்துகிறது. 18 வயதில் தெரிவாகும் ஒருவர் மூன்றாண்டுக்கான முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். சம்பளத்தின் உச்ச வரம்பு வரை எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். உலகத்துக்கே முதலிடத்தில் வந்த காசிமாவின் வயதும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அமெரிக்கப் பயணத்துக்கே தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையின் 1.5 லட்சம் ரூபாய் உதவி வேண்டியிருந்தது. வென்று வந்தபின் மாநில அரசு அளித்த ஒரு கோடி ரூபாய் அவருடைய குடும்பத்தின் நிலையை மாற்றியிருக்கலாம், எனினும் அது பரிசு, சம்பளம் ஆகாது. ஆண்டுதோறும் ஆடி ஊதியம் பெறும் லீக் கேரமில் வேரூன்றவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் கேரம் இல்லாததால் அவற்றை ஒட்டி வரும் நிதித் திட்டங்களும் இவர்களை எட்டுவதில்லை.

இந்நிலையில் இந்தியக் கேரம் ஆட்டக்காரர் ஒருவருக்குத் தொழில்முறை வாழ்க்கை என்பது நெடுங்காலமாக ஒன்றையே குறித்துவந்துள்ளது: விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நிறுவன வேலை. எல்ஐசி, ரிசர்வ் வங்கி, ஏர் இந்தியா, பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியம் ஆகியவற்றின் அணிகள் நிறுவனங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியில் மோதியதும், சிறந்த ஆட்டக்காரர்கள் மாநிலப் பெயரை விட்டு நிறுவனப் பெயரில் ஆடத் தொடங்கியதும் இதனால்தான். மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் ஆட்டக்காரரை எப்போது எடுப்பது, எத்தனை பேரை எடுப்பது என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், 17 வயதுக்கும் முதல் சம்பளத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே ஒருவர் ஆட்டத்தில் நிலைப்பாரா விலகுவாரா என்பதைத் தீர்மானிக்கின்றன. குடும்ப வருமானம் குறைவாக உள்ள தெருக்களில் அந்த ஆண்டுகள் மிகவும் நெருக்கடியானவை. மணலியில் சென்னைப் பெட்ரோலிய நிறுவனமும், கடற்கரையில் சென்னைத் துறைமுகமும், எண்ணூரில் காமராசர் துறைமுகமும் பொதுத்துறையாகவே இருக்கின்றன. இம்மூன்றும் தங்கள் மதிலுக்கு வெளியே பயிலும் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சில உதவித்தொகைகளும் சில பணியிடங்களும் ஒதுக்குவது அவற்றின் வரவுசெலவில் மிகச் சிறிய செலவே. அதை இனியும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.