சுவையிலிருந்து நச்சுக்கு: குடிநீர்த் தூய்மையில் கிளர்வுற்ற கரியின் வரலாறு

முன்னுரை

குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிவிப்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த முறையாகும். அது மண்துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்கிறது. ஆயினும் நீரில் கரைந்துள்ள நச்சு அதற்கு அகப்படுவதில்லை. கரைந்த பொருள்கள் பலவற்றைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் கரிக்கு உண்டு. எனினும் குடிநீர் நிலையங்களுக்குள் கரி நுழைந்தது நச்சை நீக்குவதற்காக அன்று. நாவுக்கும் மூக்குக்கும் ஒவ்வாதவற்றை நீக்குவதற்காகவே. இந்நோக்கம் மாறிய வரலாற்றையும், அம்மாற்றம் வெளிப்படுத்திய கரியின் எல்லையையும் அமெரிக்காவின் ஒகையோ ஆற்றுப்படுகையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கரியும் கிளர்வுற்ற கரியும்

கரி வளிகளைக் கவரும் தன்மையை 1773இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே பதிவு செய்தார். 1785இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய லோவிட்ஸ், கரைசல்களின் நிறத்தைக் கரி நீக்குவதைக் கண்டறிந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கரை ஆலைகள் எலும்புக்கரியைக் கொண்டு சர்க்கரைப் பாகை வெளுக்கச் செய்தன. 1900, 1901ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேஜ்கோ பெற்ற காப்புரிமைகள், கரியைத் தொழில்முறையில் கிளர்வூட்டும் வழியைத் திறந்தன.

கரியை மிகுந்த வெப்பத்தில் நீராவிக்கு உட்படுத்தும்போது அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் தோன்றுகின்றன. இவ்வாறு உருவாகும் கிளர்வுற்ற கரியின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கும். மாசு அப்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதனையே 'பரப்புக் கவர்தல்' என்பர். மாசு அங்கே அழிவதில்லை, தங்குகிறது. இவ்வேறுபாடு பின்னர்க் கூறப்படும் நிகழ்வுகளை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

1915இல் முதல் உலகப் போரில் நச்சுவளி பயன்படுத்தப்பட்டதும் முகமூடிகளுக்குக் கரி தேவைப்பட்டது. நம் அடுப்பங்கரையில் எஞ்சும் தேங்காய்ச் சிரட்டை அன்று போர்ப்பொருளாயிற்று.

சுவைக்காக வந்த கரி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளோரின் கலப்பு பரவியதால் நீர்வழி நோய்கள் குறைந்தன. ஆனால் ஆலைக்கழிவிலிருந்து ஆற்றில் கலந்த ஃபீனாலுடன் குளோரின் சேர்ந்தபோது குடிநீரில் மருந்து நெடி எழுந்தது. மக்களின் முறையீடு கரியை வரவழைத்தது. 1929இல் ஜெர்மனியின் ஹாம் நகரில் குருணைக்கரி வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. 1930இல் நியூ ஜெர்சியின் நியூ மில்ஃபோர்டில் கரித்தூள் பயன்படுத்தப்பட்டது. நெடி நீங்கினால் பணி முடிந்தது என்பதே அக்கால அளவுகோல்.

1974: அளவுகோல் மாறுதல்

1974இல் ராட்டர்டாம் நகரைச் சேர்ந்த ரூக் வெளியிட்ட ஆய்வு இவ்வளவுகோலை அசைத்தது. நீரில் இயற்கையாகவே உள்ள கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற சேர்மங்களைத் தோற்றுவிப்பதை அவர் காட்டினார். தெளிவும் நற்சுவையும் உடைய நீரிலும் தீங்கு இருக்கலாம் என்பது புலனாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. மாசுறும் வாய்ப்புள்ள நீரைப் பெறும் பெருநகரங்கள் கரி வடிகட்டிகளை அமைக்க வேண்டும் என அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1978இல் முன்மொழிந்தது. குடிநீர் வழங்குவோர் செலவைக் காட்டி எதிர்த்தனர். 1981இல் அம்முன்மொழிவு மீட்டுக்கொள்ளப்பட்டது.

ஒகையோ ஆற்றின் இரு நிகழ்வுகள்

1977இல் ஏறத்தாழ 70 டன் கார்பன் டெட்ராகுளோரைடு மேற்கு வர்ஜீனியாவின் கனாவா ஆற்றில் கலந்து, ஒகையோ ஆற்றின் வழியே சின்சினாட்டி நகரை அடைந்தது. இத்தகைய நிகழ்வுகளின் படிப்பினையால் அந்நகரம் 1992இல் பெரியதொரு குருணைக்கரி நிலையத்தை இயக்கத் தொடங்கியது. நிறைந்துபோன கரியை மீண்டும் சூடாக்கிப் புதுப்பிக்கும் உலைகளும் அங்கேயே அமைந்தன.

2014 ஜனவரி 9இல் கனாவாவின் கிளையாறான எல்க் ஆற்றில், நிலக்கரி கழுவப் பயன்படும் எம்சிஎச்எம் என்னும் வேதிப்பொருள் கசிந்தது. சற்றுக் கீழே சார்ல்ஸ்டன் நகரக் குடிநீர் நிலையம் நீரெடுத்துக்கொண்டிருந்தது. அங்கும் கரி வடிகட்டிகள் இருந்தன; அவை தாங்கும் என நம்பி நீரெடுப்பு தொடர்ந்தது. அன்று மாலைக்குள் அவற்றின் கொள்திறனை மீறி வேதிப்பொருள் குழாய்களில் பாய்ந்தது. அதிமதுர மணம் வீசிய அந்நீரை ஏறத்தாழ 3,00,000 மக்கள் குடிக்கவோ குளிக்கவோ இயலவில்லை. பின்னர் அவ்வாண்டிலேயே வடிகட்டிகளின் கரி மாற்றப்பட்டது. அதே கசிவு கீழ்நோக்கி வந்தபோது, வலிய கரி நிலையத்தைக் கொண்டிருந்தும் சின்சினாட்டி தன் நீரெடுப்பை நிறுத்தி, மாசு கடந்து செல்லும்வரை காத்திருந்தது.

முடிவுரை

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, நீரின் நன்மையை அறியக் கண்ணும் நாவும் மூக்கும் போதா. 2024இல் அமெரிக்கா பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஆகிய வேதிப்பொருள்களுக்கு விதித்த உச்ச அளவு ஒரு லிட்டருக்கு 4 நானோகிராம்; எந்தப் புலனுக்கும் எட்டாத அளவு அது. இரண்டாவது, கரி நச்சை அழிப்பதில்லை. தன் கொள்திறன் உள்ளவரை பிடித்து வைக்கிறது. நைட்ரேட், உப்பு போன்றவற்றை அது பெரிதும் பற்றுவதுமில்லை. ஆகவே கரி ஆற்றின் காவலுக்குத் துணையே அன்றி மாற்றன்று. சார்ல்ஸ்டனிலும் சின்சினாட்டியிலும் கரி இருந்தது. கரியின் எல்லையை அறிந்து உரிய வேளையில் நீரெடுப்பை நிறுத்திய நகரமே தன் மக்களைக் காத்தது.