மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்: சேகரிப்பும் சீரமைப்பும்

மார்ட்டினி-ஹென்றி, பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் ஏற்றுக்கொண்ட ஒற்றைத் தோட்டா ரைஃபிள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். சுட்ட பிறகு நெம்புகோலை இறக்கி வெற்று உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைக் கையால் வைக்க வேண்டும். 1888-இல் பல தோட்டா கொள்ளும் லீ-மெட்ஃபோர்டு வந்ததும் இது மெல்ல ஒதுங்கியது. இன்று உலகெங்கும் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் மிகவும் விரும்பித் தேடும் வகைகளில் இதுவும் ஒன்று. பேரரசு ஒன்று கண்டம் கண்டமாகச் சுமந்து சென்ற கருவி என்பதால், ஒவ்வொரு துப்பாக்கியின் உடம்பிலும் அது போய்வந்த இடங்களின் முத்திரைகள் பதிந்திருக்கின்றன. அவற்றைப் படிப்பதும் காப்பதும்தான் இந்தச் சேகரிப்புக் கலையின் உயிர்.

அமைப்பு

பெயரில் இருவர் இருக்கிறார்கள், உருவாக்கத்தில் மூவர். பாஸ்டனைச் சேர்ந்த ஹென்றி பீபடி 1862-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே அடிப்படை. தோட்டா அறையை மூடும் இரும்புக் கட்டை பின்முனையில் ஓர் அச்சில் தொங்கும். நெம்புகோலை இறக்கினால் அதன் முன்முனை தாழும், அறை திறக்கும். பீபடியின் துப்பாக்கியில் சுத்தியல் வெளியே இருந்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய பிரெடரிக் வான் மார்ட்டினி அதை எடுத்துவிட்டு, சுருள்வில் சுற்றிய ஊசியைக் கட்டைக்குள்ளேயே வைத்தார். எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி, ஏழு வரிப்பள்ளங்கள் கொண்ட முறுக்குக் குழலைத் தந்தார். அதன் முறுக்கு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

குழலின் உள்விட்டம் 0.45 அங்குலம். 85 கிரெயின் கருமருந்து, 480 கிரெயின் ஈயக்குண்டை, அதாவது சுமார் 31 கிராம் எடையை, உந்தித் தள்ளும். துப்பாக்கியின் எடை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, நீளம் நாலடிக்குச் சற்று அதிகம். குறிபார்க்கும் ஏணியில் 1,450 கெஜம் வரை கோடுகள் உண்டு. உடற்கூட்டின் வலப்பக்கத்தில் நீர்த்துளி வடிவத்தில் ஒரு சிறு காட்டி இருக்கும். ஊசி இழுபட்டுத் தயாராக இருக்கிறதா என்பதை அதன் சாய்வே சொல்லிவிடும். பழைய துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

குறை துப்பாக்கியில் இருந்ததைவிடத் தோட்டாவில் அதிகம் இருந்தது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டு பொருத்திய பாக்சர் தோட்டா, சூடேறிய அறையில் ஒட்டிக்கொள்ளும். நெம்புகோலை அழுத்தினால் அடித்தட்டு மட்டும் பிய்ந்து வரும், உறை உள்ளேயே நின்றுவிடும். 1885-இல் சூடானின் அபு கிலியா சண்டையில் இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்தது. பிறகு ஒரே துண்டில் ஆன பித்தளை உறை வந்தது. 1888-இன் நாலாம் மாதிரிக்கு நெம்புகோலை நீளமாக்கினார்கள். நீளம் கூடினால் உறையை உருவும் பலமும் கூடும். குழல் சூடு தாங்காமல் வீரர்கள் மாட்டுத் தோலை ஈரமாகச் சுற்றித் தைத்துக்கொண்டதும் உண்டு. தையல் காய்ந்து இறுகிய அப்படி ஒரு தோலுறை கிடைத்தால் அதைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. குழலைப் போலவே அதுவும் சான்று.

போன இடங்கள்

1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் ஜூலு படை ஒரு பிரிட்டிஷ் முகாமை அழித்தது. அன்று மாலையே ரோர்க்ஸ் டிரிஃப்டில் சுமார் 150 பேர் சில ஆயிரம் ஜூலு வீரர்களைத் தடுத்து நின்றார்கள்; அவர்களில் 11 பேருக்கு வீரத்துக்கான விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது. இரண்டு இடத்திலும் பிரிட்டிஷார் கையில் இருந்தது இந்தத் துப்பாக்கிதான். 1964-இல் வந்த 'ஜூலு' திரைப்படம் அந்த நினைவைப் பரப்பியது. இன்றுவரை விலையை ஏற்றிவைப்பதும் அந்த நினைவுதான்.

இந்தியாவின் கதை வேறு. 1857-இன் சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைச் சிப்பாய்களைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதம் தருவதே ஆட்சியாளர்களின் வழக்கம். 1880 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் மைவாண்டில் பிரிட்டிஷ் 66-ஆம் ரெஜிமென்ட் மார்ட்டினியால் சுட, அதே களத்தில் நின்ற பம்பாய்ப் படையினர் அதற்கு முந்தைய ஸ்னைடர் ரைஃபிளால் சுட்டார்கள். லீ-மெட்ஃபோர்டு வெள்ளைப் படைக்கு வந்த பிறகே மார்ட்டினி இந்தியப் படைகளுக்கு இறங்கி வந்தது. ஒரு துப்பாக்கியின் மேல் உள்ள ஆண்டையும் படைப்பிரிவு எண்ணையும் சேர்த்துப் படித்தால் அந்த அவநம்பிக்கையின் வரலாறு இரும்பிலேயே தெரியும்.

சேகரிப்பாளர்களுக்குப் பெரிய திருப்பம் 2003-இல் வந்தது. காட்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் தலைமுறைகளாகக் குவிந்து கிடந்த நேபாள ராணுவத்தின் பழைய ஆயுதங்களை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. பல்லாயிரம் துப்பாக்கிகள், கெட்டிப்பட்ட கொழுப்பும் புழுதியுமாக வெளியே வந்தன. அவற்றில் பிரிட்டனில் செய்த மார்ட்டினிகளோடு, நேபாளத்திலேயே கையால் செய்த கஹேந்திரா ரைஃபிள்களும் இருந்தன. ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேரின் பெயரைத் தாங்கிய அவை வெளித்தோற்றத்தில் மார்ட்டினி போலவே இருக்கும்; உள்ளமைப்பு வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனத்தின் வடிவைத் தழுவியது. ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் பொருந்தாது. ஒவ்வொன்றையும் அரம் போட்டுத் தனித்தனியாகப் பொருத்தியிருக்கிறார்கள். எந்திரம் செய்த துப்பாக்கிகளைவிட இவற்றையே மேலாக மதிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. முகம் தெரியாத கொல்லர்களின் கைவேலை அவற்றில் நேரடியாக இருக்கிறது.

அசலும் போலியும்

உடற்கூட்டின் வலப்பக்கம் இதன் ஜாதகம். மேலே கிரீடம், அதன் கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். எழுத்துகள், பிறகு செய்த இடம், ஆண்டு, மாதிரி எண் என்று வரிசை போகும். அகன்ற அம்பு அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதி நின்றால், அரசு அதை விற்றுக் கைவிட்டது என்று பொருள். அடிக்கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் படைப்பிரிவும் எண்ணும் இருந்தால் அது பெரும் பேறு. நேபாளத்தில் இருந்து வந்தவற்றில் அழுக்கை எடுத்த பிறகே தேவநாகரி எண்கள் தலைகாட்டும்.

கைபர் கணவாய்ப் பகுதியில் பட்டறைகள் அசலைப் பார்த்து அப்படியே அச்சடித்தன. முத்திரையில் ஒரு எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும், கிரீடம் கோணியிருக்கும். விக்டோரியா இறந்த 1901-க்குப் பிந்தைய ஆண்டோடு வி.ஆர். நிற்கும். இவற்றை ஏமாற்று என்று ஒதுக்குவது சரியல்ல. எல்லைப்புறக் கொல்லர்களின் திறமைக்குச் சான்றாக அவற்றையே தனியாகச் சேகரிப்போர் உண்டு. ஏமாற்று என்பது வேறு: ஆவணம் எதுவும் இல்லாமல் 'இது ஜூலு போரில் இருந்தது' என்று சொல்லி விலையைக் கூட்டுவதே ஏமாற்று. வில்லையோ பதிவேடோ காட்ட முடியாத கதைக்குக் காசு கொடுக்கக் கூடாது.

சீரமைப்பு

முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. நூறு ஆண்டு மூலையில் கிடந்தது என்பதால் அறை காலியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. நெம்புகோல் இறுகி அறை திறக்கவில்லை என்றால், திறக்கும் வரை அதைத் தோட்டா இருக்கும் துப்பாக்கியாகவே நடத்த வேண்டும். திருகுகளின் பிளவு மிகக் குறுகலானது. பொருந்தாத திருப்புளி பிளவைக் கிழித்துவிடும். முனையை அரத்தால் தேய்த்துத் திருகுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டு, துருவிளக்கும் எண்ணெய் விட்டு, சில நாள் பொறுக்க வேண்டும். வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான்.

கெட்டிப்பட்ட கொழுப்பு மண்ணெண்ணெயில் ஊறினால் இளகும். அதற்கடியில் உள்ள துரு இருவகை. உதிரும் செந்துரு இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். வழுவழுப்பான கரும்பழுப்போ இரும்பைக் காக்கும் போர்வை. செந்துருவைப் போக்க நல்ல முறை ஒன்று உண்டு. மரத்தில் இருந்து கழற்றிய இரும்பு உறுப்பின் எண்ணெயை முழுக்கப் போக்கி, கொதிக்கும் சுத்தமான நீரில் அரைமணி நேரம் அமிழ்த்த வேண்டும். செந்துரு கருநிற ஆக்சைடாக மாறி, மேலே கரி படிந்ததுபோல் தெரியும். மிக மெல்லிய எஃகுக் கம்பளியால் இதமாகத் தேய்த்தால் கரி போய், கீழே நீலக்கருமை மிஞ்சும். முத்திரையின் ஓரம் ஒரு நூலளவுகூடத் தேயாது. சுழலும் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் இதே வேலையைப் பத்து நிமிடத்தில் செய்துவிடும், ஆனால் கிரீடமும் ஆண்டும் அந்தப் பத்து நிமிடத்திலேயே மழுங்கிப்போகும்.

கட்டை வால்நட் மரம். அடிபட்டுக் குழிந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஆவி புகுந்து நார் உப்பிவரும். வெட்டுக் காயம் அப்படி எழாது, அதை விட்டுவிடலாம். பிறகு ஆளிவிதை எண்ணெயைக் கைச்சூட்டால் மெல்லத் தேய்க்க வேண்டும். பளபளக்கும் வார்னிஷ் இந்தத் துப்பாக்கியின் மேல் என்றுமே இருந்ததில்லை.

அதற்கு மேல் செய்யக் கூடியவை நிறைய உண்டு, செய்யக் கூடாதவையும் அவையேதான். தேய்ந்த எழுத்தை மறுபடி பொறிப்பது, குழலைப் புதிதாகக் கறுப்பாக்குவது, நேபாளக் கட்டையைக் கழற்றி இங்கிலாந்துக் கட்டையைப் பொருத்துவது எல்லாம் துப்பாக்கியை அழகாக்கி அதன் நினைவை அழிப்பவை. வேலைக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து, செய்ததை எழுதி வைப்பது அடுத்து வாங்குபவருக்குச் செய்யும் கடமை. சுட்டுப் பார்க்கும் நாடுகளில்கூட, தேர்ந்த துப்பாக்கிக் கொல்லர் சோதித்த பிறகு கருமருந்தால் மட்டுமே சுட வேண்டும். புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்கு இந்த இரும்பு செய்யப்பட்டதல்ல.

சட்டம்

அமெரிக்காவில் 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைக் கூட்டாட்சிச் சட்டம் தொன்மைப் பொருளாகக் கருதுகிறது. இந்தியாவில் நிலை வேறு. 1959-இன் ஆயுதச் சட்டம் பிரிவு 45, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். பழுதுபார்ப்பதற்கும் உரிமம் தேவை. நூறு ஆண்டு கடந்த பொருள் 1972-இன் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வருவதால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

பரணிலோ பழைய பெட்டியிலோ தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடைத்தால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கவோ இரும்புக் கடைக்குப் போடவோ வேண்டாம். உலர்ந்த துணியில் சுற்றி, கிடைத்த நிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு, முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவியுங்கள்.