பவளத் தொட்டியும் அதன் சப்தமும்

ஒட்டிக்கொண்ட கல்லை விட்டு ஓர் அங்குலமும் நகர மாட்டாத பிராணியாகிய பவளப் பூச்சிக்கு, அதன் ஆகாரமும், சுவாசத்துக்குரிய பிராணவாயுவும், கழிந்த அசுத்தத்தை அடித்துக்கொண்டு போகும் நீரும் தாமாகவே தேடி வந்தாக வேண்டும். சமுத்திரத்தில் அலை இந்த ஊழியத்தைச் செய்கிறது. அலையில்லாத ஊரில், அதுவும் ஒரு வீட்டுக் கூடத்தில், யார் அதைச் செய்வது என்பதும், செய்கிறவர் எவ்வளவு சப்தம் போடுவார் என்பதும் பவளம் வளர்ப்போரை நெடுங்காலமாக விடாத கேள்விகள்.

1846ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கீயில் சில பவளங்களைக் கண்டு ஆசை கொண்ட ஆனா தைன் என்னும் சீமாட்டி, வழியில் அவை ஒன்றோடொன்று மோதிச் சிதையாதபடி ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து, ஜாடியில் நீரோடு வைத்து, தம் கணவர் மதப்பணியில் இருந்த லண்டன் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவை பாறை கட்டும் இனமல்ல. குளிர்க்கடலில் தனித்தனியே வாழும் சிறு பவளங்கள். எனினும் அவற்றுக்கும் புது நீர் வேண்டும். லண்டனிலோ கடல் இல்லை. ஆகவே இருந்த நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்காக, திறந்த ஜன்னலின் முன்னே அரை மணி, முக்கால் மணி நேரம் அதைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றிக் காற்றேறச் செய்தார்கள். செய்தது சீமாட்டியல்லர், ஒரு வேலைக்காரச் சிறுமி. அவள் அதை விளையாட்டாகவே எண்ணினாள் என்று எஜமானி எழுதியிருக்கிறார்; சிறுமியின் கைகளைக் கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கலாம். அந்தக் குறிப்பில் அவள் பெயர் இல்லை. பவளத் தொட்டிக்கு வாய்த்த முதல் பம்பு அவளே என்பது என் அபிப்பிராயம், ஓசையும் குறைவுதான். மறு வருஷம் கடற்பாசி சேர்க்கப்பட்டபின் சிரமம் தணிந்தது. பவளங்கள் ஏறக்குறைய மூன்று வருஷம் உயிரோடிருந்தன.

நீரை மாற்றுவதைவிட ஓயாமல் ஓடவிடுவதே மேல் என்பதைப் பெரிய அளவில் நிலைநாட்டியவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். புத்தகம் கட்டும் தொழிலில் இருந்து, கடற்பிராணிகளின்மேல் கொண்ட மோகத்தால் லண்டனில் தொட்டிக் கடை வைத்து, அதில் நொடித்துப்போய், 1864இல் திறக்கப்பட்ட ஹாம்பர்க் காட்சிசாலையை அமைத்துப் புகழ் மீண்ட அவர், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் செய்த ஏற்பாட்டில், காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய, வெளிச்சம் புகாத நீர்த்தேக்கம் ஒன்றிலிருந்து நீராவி யந்திரத்தால் மேலேறிய கடல்நீர், தொட்டிகளினூடே பாய்ந்து மீண்டும் அந்த இருட்டுக்குள் இறங்கியது. செம்பு கரைந்த உப்புநீர் முதுகெலும்பில்லாப் பிராணிகளுக்கு விஷமாதலால், பம்புகள் எபனைட் என்னும் கெட்டி ரப்பரால் செய்யப்பட்டன. யந்திரம் இரைந்தால் என்ன, அங்கே படுத்துறங்குவார் யாருமில்லை. இன்று தொட்டிக்கு அடியில் ‘சம்ப்’ என்று மற்றொரு தொட்டியை மறைத்து வைப்போர் யாவரும் லாயிடின் வாரிசுகளே.

வெப்பக் கடற்பவளம் வீட்டுக்குள் குடியேறியது வெகு காலம் கழித்துத்தான். ஜகார்த்தாவில் லீ சின் எங் 1961இல் எழுதி வெளியிட்ட முறைக்கு, கடலுயிர்கள் ஒட்டி வாழும் பாறைத் துண்டுகளும், மேலெழும்போது நீரையும் தூக்கிச் செல்லும் காற்றுக் குமிழிகளுமே போதுமாயிருந்தன. ஆனால் காற்றூதும் பெட்டிக்குள் ரப்பர்த் தகடு மின்சாரத்தின் துடிப்போடு தானும் துடித்து, வைத்த பலகையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, இரவெல்லாம் வண்டுபோல் ரீங்காரம் செய்யும். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் 1980இல் பவளத் திட்டு அமைத்த வால்டர் ஏடி, நீர் நிரம்பியதும் கவிழும் வாளிகளால் அலை எழுப்பினார். பவளத்துக்கு மிக உகந்த உபாயந்தான், படுக்கையறைக்கு அடுத்த சுவரில் வைக்கத் தகாதது.

நீருக்குள்ளேயே மூழ்கி, காந்தத்தாலான சுழலி எண்ணெயும் அடைப்பும் வேண்டாமல் பீங்கான் அச்சில் சுழலும் சிறு பம்புகள் இந்தத் தொல்லையைப் பாதி தீர்த்தன. மீதிப் பாதி வேகத்தில் இருந்தது. விநாடிக்கு 50 சுழற்சியுள்ள மாறுமின்சாரத்தில் இரு துருவ மோட்டார் நிமிஷத்துக்கு 3000 தடவை சுழன்றே தீரும். அந்த வேகத்தில் குறுகிய வாயால் பீய்ச்சிய நீர், எதிரே இருந்த பவளத்தின் தசையைக் கிழிக்கும், ஓரத்திலிருந்ததை எட்டாது. பவேரியாவின் பென்ஸ்பெர்க்கிலுள்ள டுன்ஸே நிறுவனம் முதலானோர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவச் செய்த விசிறிப் பம்போ, அகன்ற இறக்கைகளைச் சுழற்றி, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த நீரைப் பரந்த பிரவாகமாகத் தள்ளியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த வோர்டெக் பம்பு மோட்டாரையே வெளியேற்றி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து காந்தத்தால் உள்ளிருக்கும் விசிறியைச் சுழற்றியது. நீருக்குள் உஷ்ணம் குறைந்தது, ஆனால் அறைக்குள் ஓசை மிகுந்ததென்ற முறையீடு எழுந்தது, பின்வந்த வடிவங்களில் அதற்கும் பரிகாரம் தேடினார்கள். ஆகவே பம்பு வாங்குகிறவர், பெட்டியில் அச்சிட்ட லிட்டர்க் கணக்கை மட்டும் பாராமல், வேகத்தை இறக்க இயலுமா என்றும் பார்ப்பது உசிதம். முழு மூச்சில் ஓடும் சிறியதைவிடப் பாதி வேகத்தில் ஓடும் பெரியது பெரும்பாலும் சாதுவாக இருக்கும். அப்படிப்பட்டதும் சில மாதங்களில் முனகத் தொடங்கினால், பவளம் எந்தச் சுண்ணாம்பால் வீடு கட்டுகிறதோ அதே சுண்ணாம்பு அச்சிலும் படிந்திருக்கும். வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும்.

நள்ளிரவில் மின்சாரம் நின்றுபோனால், பழகிய அந்த மெல்லிய முனகல் திடீரென்று அற்றுப்போன நிசப்தமே வீட்டுக்காரரை எழுப்பிவிடுகிறது. அவர் விளக்கைத் தேடி எடுத்துக்கொண்டு, ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு, உயரத் தூக்கி, மறுபடி அதிலேயே ஊற்ற ஆரம்பிக்கிறார்.