எரிச்சலூட்டும் துணைப்பாத்திரம் (விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சி)

விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களில், ஒரு வாரத்துக்குரிய பிரதான கதை வலுவின்றித் தளர்ந்து நிற்கையில், அத்தளர்ச்சியை மறைக்கும் பொருட்டோ ஒளிபரப்பு நேரத்தை நிரப்பும் பொருட்டோ முன்னுக்குத் தள்ளப்பட்டு, நாளடைவில் பார்ப்போரின் பொறுமையைச் சோதிக்கும் கதாபாத்திரம் இங்கே கருதப்படுகிறது. குடும்பத் தொடர்களிலும் எரிச்சலூட்டும் மாந்தர் உண்டு. ஆயின் அங்கே மாமியாரும் நாத்தனாரும் எரிச்சலூட்டுவதற்கென்றே சிருஷ்டிக்கப்படுகின்றனர், ஜனங்களும் அவர்களைத் திட்டித் தீர்ப்பதற்கென்றே தொலைக்காட்சி முன் அமர்கின்றனர். விஞ்ஞானப் புனைகதையிலோ, எல்லாரும் பிரியம் கொள்ள வேண்டுமென்று ஆசிரியர் ஆசையோடு படைத்த பாத்திரமே எல்லாருடைய வெறுப்பையும் சம்பாதித்துக் கொள்கிறது.

இதன் காரணம் அவ்வகைக் கதையின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. கிராமத்துக் கதையில் ஏற்றம் இறைப்பவனைக் காட்டினால் ஏற்றம் யாதென்று ஒருவரும் கேட்பதில்லை. வேற்றுக்கிரகத்துக் கதையிலோ ஒவ்வொரு பொறியையும் யாரேனும் ஒருவர் வாய்விட்டு விளக்கியாக வேண்டும், விளக்குவதற்கு முன் யாரேனும் ஒருவர் அதைக் கேட்டாக வேண்டும். மூலக்கதை திடமாக இருக்கும்பொழுது இவ்விரண்டும் கதையோட்டத்தில் கரைந்துவிடும். அது மெலியும்பொழுது, கேட்பவன் மூடனாகவும் சொல்பவன் அதிகப்பிரசங்கியாகவும் தென்படுவதைத் தவிர்க்க இயலாது.

தோற்றமும் வகைகளும்

அமெரிக்காவில் 1965 முதல் 1968 வரை ஒளிபரப்பான ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ இவ்விஷயத்தில் ஆதி உதாரணமாகும். விண்வெளியில் வழிதவறிய ஒரு குடும்பத்தின் கதையாகத் தொடங்கிய அதில், கப்பலைக் கெடுக்க வந்த சதிகாரனாக டாக்டர் ஸ்மித் என்பவன் அறிமுகமானான். முதல் வாரங்களில் அவன் உண்மையிலேயே அச்சமூட்டும் வில்லன். ஆனால் கொலைகாரன் ஒருவனைக் குடும்பத்தார் வாரந்தோறும் உடன் வைத்துக்கொண்டிருப்பது நம்பத்தக்கதாயில்லாமையால், ஜொனதன் ஹாரிஸ் என்ற அந்நடிகர் தம் பாத்திரத்தைச் சிறிது சிறிதாகக் கோழையாகவும், சோம்பேறியாகவும், ரோபோவைச் சதா வைதுகொண்டிருக்கும் வாயாடியாகவும் மாற்றிக்கொண்டார். பின்னர் தொடரே அவனுடையதாகிவிட்டது. தகப்பனும் தாயும் ஓரத்தில் நின்றனர். 1968 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு வாரத்தின் கதையில், செடிகொடிகளை வதைத்த குற்றத்துக்காக ஆளுயரக் கேரட் கிழங்கு ஒன்று அவர்களை விசாரிக்கிறது.  முதல் வகையாகிய கோமாளிப் பாத்திரத்தின் எல்லை எதுவென்பதை அந்த ஒரு மணி நேரம் நிர்ணயித்துவிட்டது.

இரண்டாவது வகை மேதைப் பிள்ளை. 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் வெஸ்லி க்ரஷர் என்னும் சிறுவன், ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற அதிகாரிகள் கையைப் பிசைந்து நிற்கும் சந்தர்ப்பங்களில், பள்ளிப் பாடத்தில் படித்ததைச் சொல்வதுபோல் தீர்வு சொல்லிக் கப்பலைக் காப்பாற்றினான். இளைஞர்கள் தங்களையே அவனிடம் கண்டு மகிழ்வார்கள் என்பது தயாரிப்பாளரின் நம்பிக்கை; இளைஞர்களே அவனை முதலில் வெறுத்தார்கள். வில் வீட்டன் என்ற அந்நடிகரைப் பழிப்பதில் பொருளில்லை. சிக்கலை அவிழ்க்கும் வழி கதையாசிரியருக்குத் தெரியாதபொழுது, அதைத் தெரிந்த ஒருவனைக் கதைக்குள் வைத்துவிடுவது சுலபமான உபாயம். அந்த உபாயத்துக்குத்தான் வெஸ்லி என்று பெயர்.

மூன்றாவது வகையாகிய உதவி யந்திரமே எல்லாவற்றினும் சுவையானது. அதிலும் யந்திர நாய்க்கு ஒரு தனிச் சரித்திரமே உண்டு. பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1977இல் கே-நைன் என்ற தகர நாய் வந்தது. அது சதுரங்கம் ஆடும், மூக்கிலிருந்து கதிர்வீசும், கேட்ட கேள்விக்கெல்லாம் மிடுக்கான குரலில் விடை சொல்லும். மேடு பள்ளமான தரையில் சக்கரம் ஓடாது. மோட்டாரின் இரைச்சல் வசனத்தை விழுங்கும். முழங்காலளவே உயரமுள்ள அதனோடு ஒரே சட்டத்தில் தெரிய நடிகர்கள் மண்டியிட வேண்டும். இவற்றையெல்லாம் சகித்துக்கொண்டிருக்கலாம். புதிதாக வந்த தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் கண்ட குறை வேறு: எல்லாம் அறிந்த, எவரையும் சுட்டு வீழ்த்தக்கூடிய நாய் பக்கத்தில் இருக்கையில் கதாநாயகருக்கு ஆபத்தே இல்லை, ஆபத்தில்லாத இடத்தில் கதையும் இல்லை. 1981இல் நாய் விலக்கப்பட்டது. அதைக் காப்பாற்ற ஒரு நாளிதழ் இயக்கம் நடத்தியது என்பது, ஒருவருக்கு எரிச்சல் தருவது மற்றொருவருக்குச் செல்லமாயிருக்கும் என்பதற்குச் சான்று. அமெரிக்காவின் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ (1978) இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நாயை இழந்த சிறுவனுக்காகச் செய்யப்பட்ட யந்திர நாய் என்று அதில் காட்டப்பட்டது மெய்யாகவே ஒரு சிம்பன்சி. ரோமமும் உலோகமும் கலந்த கனத்த உடையை அதன்மீது மாட்டி நடக்கவிட்டனர். மனிதகுலம் பன்னிரண்டு கிரகங்களை இழந்து அகதியாகத் திரியும் சோகக்கதையின் நடுவே அது துள்ளி வரும்பொழுதெல்லாம் சோகம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது.

பாத்திரங்கள் பழகியவர்களாகவும் பிரியமானவர்களாகவும் இருந்தும், மூலக்கதை ஒன்றே அனைவரையும் எரிச்சலூட்டுவோராக ஆக்கிவிடுவதும் உண்டு. பழைய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் 1968 செப்டம்பர் 20 அன்று ஒளிபரப்பான ‘ஸ்பாக்கின் மூளை’ என்னும் கதையில், நிலத்தடி நகரமொன்றின் காற்றையும் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் நிர்வகிக்கும் பொருட்டு ஒரு பெண், கப்பலின் கூர்ங்காது அதிகாரியாகிய ஸ்பாக்கின் மூளையைக் களவாடிச் செல்கிறாள். மூளையற்ற உடல், மருத்துவர் கையிலுள்ள விசைப்பலகையின் பொத்தான்களுக்கு ஏற்ப நடந்து வருகிறது. இறுதியில் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு நடுவழியில் ஞானம் மங்கிவிட, பாதி பொருத்தப்பட்ட மூளையோடு ஸ்பாக்கே வாய்திறந்து எந்த நரம்பை எங்கே இணைப்பதென்று வழிகாட்டுகிறார். இதைவிடத் தாழ்ந்த மற்றொன்று ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1989 ஜூலையில் வந்தது: நோயுற்றுக் கிடக்கும் அதிகாரியின் நினைவுகள் என்ற சாக்கில் பழைய வாரங்களின் துண்டுகளையே கோத்து ஒரு புதிய வாரமாகக் காட்டினார்கள். எழுத்தாளர் வேலைநிறுத்தம் உண்டாக்கிய கதைப்பஞ்சமும், முந்திய வாரங்களில் கரைந்துபோன பணமும் அதற்குக் காரணம்; மூன்று நாளில் படப்பிடிப்பு முடிந்தது.

இந்தியாவிலும் தமிழிலும்

தமிழில் இவ்வகையின் பூர்வ சரித்திரம் திரைப்படத்தில் தொடங்குகிறது. தொடக்ககாலப் படங்களுள் ஒன்று 1963இல் வெளியான ‘கலை அரசி’. அ. காசிலிங்கம் இயக்க, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த இப்படத்தில், சங்கீதம் அறியாத ஒரு கிரகத்தார் தங்களுக்குப் பாட்டு வாத்தியாரைத் தேடிப் பறக்கும் தட்டில் பூமிக்கு வருகின்றனர். அண்டம் கடந்து வரத் தெரிந்தவர்களுக்கு ஆரோகண அவரோகணம் தெரியாதா என்ற வினா எழுவதற்கு முன்பே, நம்பியாரின் வில்லத்தனமும், பானுமதியின் இரட்டை வேடமும், பாட்டுகளும் வந்து நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. மூலக்கதையின் மெலிவை எரிச்சலூட்டும் பாத்திரத்தைக் கொண்டு அடைக்காமல் சங்கீதத்தைக் கொண்டு அடைத்தது அக்காலத்தாரின் சாமர்த்தியம் என்றே சொல்ல வேண்டும்.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1980களில் ‘ஸ்டார் டிரெக்’ தூர்தர்ஷனில் வந்தபொழுது, ஆங்கிலம் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் அதைக் கண்டுகளித்த வீடுகளுக்கு அதன் வசனத் தொல்லைகள் தட்டுப்படவில்லை. கூர்ங்காது அதிகாரியே போதுமாயிருந்தார். பின்னர் ஹிந்தியில் ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’, ‘இந்திரதனுஷ்’ ஆகியவையும், 1997 முதல் ‘சக்திமான்’, 1998இல் ‘கேப்டன் வியோம்’ என்பவையும் வந்தன. சக்திமானின் மறுவடிவமாகிய கங்காதர், நீண்ட பல்லும் தடித்த கண்ணாடியுமாக வந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தது குழந்தைகளுக்கு உவப்பாகவும் பெரியவர்களுக்குச் சோதனையாகவும் அமைந்தது.

தமிழில் நிகரற்று நிற்பது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்பு தூர்தர்ஷனில் காட்சித் தொடராகவும் ஆயிற்று. 2021ஆம் ஆண்டையொட்டிய இந்தியாவில் ஜீவா என்னும் தலைவனின் சர்வாதிகாரம் நடக்கிறது. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். குடிமக்களின் பெயர்கள் ஈரெழுத்தில் சுருங்கிவிட்டன. காணாமற்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்குத் துணையாக ஜீனோ என்ற யந்திர நாய் வருகிறது. மேற்சொன்ன வகைப்பாட்டின்படி ஜீனோ மூன்றாம் வகை. ஓயாது பேசுகிறது, புத்தகம் படிக்கிறது, இடக்காகப் பதில் சொல்கிறது. எரிச்சலூட்டுவதற்கு வேண்டிய லட்சணங்கள் அத்தனையும் பொருந்தியிருந்தும் அது எரிச்சலூட்டவில்லை. ஏனெனில், கே-நைன் போலச் சர்வசக்தியோடு அது புறப்படவில்லை. படித்துப் படித்து, கண்டு கேட்டு, வாரத்துக்கு வாரம் புத்தி வளர்வதே கதையின் ஒரு பகுதியாக இருந்தது. விளக்கம் சொல்லும் வேலையும் கதையை நகர்த்தும் வேலையும் ஒரே பாத்திரத்தின் கையில் இருந்தன. இரண்டாம் பாகமாகிய ‘மீண்டும் ஜீனோ’வில் நாயே நாயகனாயிற்று.

மின்னணுப் பொறியாளராகிய சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். யந்திரம் எதைச் செய்யாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சிறிய திரையில் அந்த எதிர்காலத்தை நிறுவப் போதிய பொருட்செலவு அன்றைய தூர்தர்ஷன் தொடர் எதற்கும் வாய்த்ததில்லை என்பதால், இக்கதையின் முழு வன்மையும் அச்சிலேயே தங்கிவிட்டது.

இந்திரா சௌந்தரராஜன் எழுதிய ‘மர்ம தேசம்’ தொலைக்காட்சி வரிசை விஞ்ஞானப் புனைகதையைச் சேராது; ‘விடாது கருப்பு’ கதையின் முடிவில் மனோதத்துவ விளக்கம் வருவது மெய்யே எனினும், கடைசி வாரங்களில் மட்டும் தலைகாட்டும் சாஸ்திரம் கதையின் உடலாக ஆகிவிடுவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்

ராமானுஜர் அவதரித்த தலமாகிய ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்த சிப்காட் தொழிற்பேட்டைகள், இக்கட்டுரைப் பொருளோடு இருவகையில் உறவுடையவை. முதலாவது, தொலைக்காட்சிப் பெட்டிகளே இங்கே உற்பத்தியாகின்றன. சாம்சங் ஆலை 2007இல் தொடங்கியது. இரண்டாவது, புனைகதையில் அரைநூற்றாண்டாகப் பேசிக்கொண்டே இருந்த ரோபோ, இங்கே பேசாமல் வேலை செய்கிறது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் முதல் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010இலும், டைம்லர் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் இயங்கத் தொடங்கின.

கார் ஆலையின் பாடி ஷாப்பில் வெல்டிங் ரோபோ என்பது ஆறு மூட்டுகளுள்ள ஓர் இரும்புக் கை, முகமில்லை, குரலில்லை. தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, கம்பி வேலிக்குள் நிற்கிறது. லைனில் தகட்டுக்கூடு வந்து நின்றதும் குனிந்து, முனையிலுள்ள இடுக்கியால் கவ்வி, தீப்பொறி தெறிக்க ஒட்டி, நிமிர்ந்து அடுத்த புள்ளிக்குப் போகிறது. அந்தப் புள்ளிகளை அதற்குக் கற்பிப்பவர், கையில் பிடித்த பெண்டன்ட் கருவியின் பொத்தான்களை அழுத்தி, இரும்புக் கையை நத்தை வேகத்தில் நகர்த்தி, ஒவ்வோர் இடத்தையும் பதியவைக்கிறார். மூளையற்ற ஸ்பாக்கை மருத்துவர் நடத்திவந்த காட்சிக்கு இதைவிட அணுக்கமான நிஜம் வேறில்லை. யாரேனும் வேலிக் கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும். கோளாறு நேர்ந்தால் சிவப்பு விளக்கு எரியும், திரையில் ஓர் எண் தோன்றும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். யந்திரம் தன் கஷ்டத்தைப் பற்றி ஒரு வசனமும் பேசுவதில்லை. ஷிப்ட் முழுதும் இவற்றின் நடுவே நின்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் அறைக்குத் திரும்பும் இளைஞர், தொலைக்காட்சியில் ரோபோ ஒன்று காதல் வசனம் பேசக் கண்டால் நகைப்பது இயற்கையே.

இத்தொழிற்பகுதிக்குச் செல்லும் அதே பெங்களூர் நெடுஞ்சாலையின்மேல், செம்பரம்பாக்கத்தருகே ஈ.வி.பி. பிலிம் சிட்டி உள்ளது. 2017 முதல் ‘பிக் பாஸ்’ வீடு அங்கேதான் அமைக்கப்படுகிறது. அந்நிகழ்ச்சியின் டச்சு மூலத்துக்குப் பெயர் கொடுத்தது ஆர்வெல்லின் ‘1984’. சுஜாதாவின் ஜீவாவும் அந்நாவலின் சர்வாதிகாரிக்குத் தூரத்து உறவினனே. எங்கும் காமிரா, முகம் தெரியாத எஜமானின் குரல், வெளியேற வழியில்லாத மாந்தர் என விஞ்ஞானப் புனைகதையின் சாமக்கிரியைகள் யாவும் அங்கே உள. மூலக்கதை மட்டும் அறவே நீக்கப்பட்டு, எரிச்சலூட்டும் பாத்திரங்களே முழு நிகழ்ச்சியாகியிருக்கின்றன. கூடுதலாக எரிச்சலூட்டுபவருக்கு வாக்களிக்காமல் விட்டு அவரை வெளியேற்றும் உரிமையும் ஜனங்களுக்கு உண்டு. அது 1987இல் வெஸ்லியைக் கண்டு பல்லைக் கடித்தவர்களுக்குக் கிட்டாத பாக்கியம்.

இன்றைய நிலை

தனியார் அலைவரிசைகளில் நெடுந்தொடர்கள் நிலைபெற்றபின் இவ்வகை தமிழ்த் தொலைக்காட்சியில் அருகிவிட்டது. ‘மை டியர் பூதம்’ போன்ற மாயக்கதைகள் அதன் இடத்தில் வந்தன. திரைப்படத்தில் ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘மாநாடு’ (2021), ‘அயலான்’ (2024) முதலியவை வெளியாகியுள்ளன.