எழுவாயை மாற்றுதல்

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா பெண்ணுக்கு வாங்கவில்லை, பத்தாவது படிக்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தவள், "மாமா, அந்தக் கோடு எவ்ளோ தூரத்துல இருக்கு?" என்று கேட்டாள்.

கீழே இறங்கி, சுண்டல் மடித்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். தூரத்தின் வர்க்கம் = 2 × பூமியின் ஆரம் × கண்ணின் உயரம். தோராயம்தான். காற்று ஒளியைச் சற்று வளைப்பதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளித் தெரியும். கண் கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்தோம். 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்தது. அவள் காகிதத்தை வாங்கி உயரத்தைத் தனியாகப் பிரித்தாள்: தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். விளக்கு கட்டுகிற என்ஜினியரின் கேள்வி அது. இத்தனை தூரத்துக் கப்பலுக்குத் தெரிய எவ்வளவு உயரம் கட்டணும்? "அப்போ ஆரத்தைத் தனியா எடுத்தா?" என்றாள். பதினோராம் நூற்றாண்டில் அல் பிரூனி அதைத்தான் செய்தார். பஞ்சாபின் நந்தனா கோட்டையருகே உயரம் தெரிந்த ஒரு மலைமேல் நின்று, தொடுவானம் எவ்வளவு கோணம் தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அவருடைய சூத்திரத்தில் தூரத்தின் இடத்தில் கோணம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகங்களில் இந்த வேலைக்கு 'எழுவாயை மாற்றுதல்' என்று பெயர். சமன்குறிக்கு இடப்பக்கம் தனியாக நிற்பது எழுவாய். இலக்கணத்திலிருந்து எடுத்த சொல். நம் பக்கம் 'சூத்திரத்தை மாத்தி எழுது' என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

இது எப்போது 'ஒரே வேலை' ஆனது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. பழம் அந்த விதிக்குக் கட்டுப்படுமா என்பது வேறு விஷயம். விதி ஒரு திசையில்தான் ஓடுகிறது. சுளையிலிருந்து முள்ளைக் கண்டுபிடிக்க யாருக்கும் தேவை வரவில்லை, வந்திருந்தால் அதற்கு இன்னொரு வெண்பா எழுதியிருப்பார்கள். கேள்விக்கு ஒரு விதி. ஒரே உறவுதான் எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருக்கிறது என்று சொல்ல, தெரியாத எண்ணுக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும்.

அந்தப் பெயரைப் பிரம்மகுப்தர் 'வர்ணம்' என்றார். அவருடைய பிரம்மஸ்புட சித்தாந்தம் 628-ல் எழுதப்பட்டது. காஞ்சியில் மகேந்திரவர்மன் ஆண்ட காலம் அது. கலங்கரை விளக்கத்தின் பக்கத்திலிருக்கும் மகிஷமர்த்தினி குகையும், அதன் மேலேறி நிற்கும் ஒலக்கணேஸ்வரர் கோயிலும் (1900-களின் தொடக்கத்தில் புதிய விளக்கு வரும்வரை அந்தக் கோயில் மேல்தான் விளக்கு எரிந்தது) அதற்குப் பிறகு வந்தவை. பல வர்ணங்கள் உள்ள சமன்பாட்டுக்கு அவர் தரும் விதி சுருக்கமானது: முதல் வர்ணத்தை ஒரு பக்கம் நிறுத்து, மற்ற வர்ணங்களை எதிர்ப்பக்கம் தள்ளு, முதல் வர்ணத்தின் கெழுவால் வகு. அக்கா பெண் சுண்டல் காகிதத்தில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1150-ல் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று வர்ணங்களை அடுக்கி, கா, நீ, பீ என முதலெழுத்தால் எழுதினார். தெரிந்த எண்களுக்கும் எழுத்து வைக்கலாம் என்ற அடுத்த படியை 1591-ல் பிரான்சின் வியத் ஏறினார். அதன் பிறகுதான் 'சூத்திரம்' என்று நாம் இன்று சொல்வது சாத்தியமானது. எல்லாமே எழுத்து, எதை வேண்டுமானாலும் எழுவாயாக்கலாம்.

அந்தக் கருவி செங்கல்பட்டு மண்ணில் இறங்கிய ஒரு நாளைச் சொல்ல முடியும். 1802 ஏப்ரல் 10. பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி வில்லியம் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அந்தப் பகுதி அன்று செங்கல்பட்டு ஜில்லா. கையிலிருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாமென்று திரும்பி வந்தது. 57 நாள், ஏறக்குறைய 400 முறை சங்கிலி நீட்டல். சித்திரை வெயில். எஃகு சூட்டில் நீளும். 30 பாரன்ஹீட் பாகை வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் ஏழரை மைலில் ஏழடிக்கு மேல் பிழை வரும். அதனால் சங்கிலிக்குக் கூடாரம் போட்டு, பக்கத்திலேயே வெப்பமானி வைத்தார்கள். நீளம், வெப்பம், எஃகு விரியும் வீதம் மூன்றும் ஒரே உறவு. லாம்டனுக்கு நீளம் எழுவாய். இரும்பு உருக்குபவனுக்கு வீதம். வெப்பத்தை எழுவாயாக்கினால் இஸ்திரிப் பெட்டிக்குள் வளைந்துகொடுக்கும் பட்டை வருகிறது. இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் மூடப்போகும் கணக்குக்குத் தொடக்கம் அந்த ஒரு கோடு.

அதே 1802-ல் இதே ஜில்லாவில் இன்னொரு சமன்பாடும் மாற்றி எழுதப்பட்டது. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது.

1763-ல் நவாப் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர் இது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் கிராமம் கிராமமாக அளந்து, கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளோடு சேர்த்துப் பதிவு செய்தார். பழைய முறையில் களத்துமேட்டில் நெல் குவிந்ததும் கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, வெட்டியானுக்கு என்று 'சுதந்திரம்' எடுப்பார்கள். பிறகு மேல்வாரம், குடிவாரம். அரசுப் பங்கு = வாரம் × விளைச்சல். ஏரி வற்றி விளைச்சல் பாதியானால் பங்கும் பாதி. வாரம் அதிகமாக இருந்திருக்கலாம், இருந்தது. ஆனால் விளைச்சல் அந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தது.

1802-ல் வந்த நிரந்தரத் தீர்வை ஜாகீரை முட்டாக்களாகப் பிரித்து, தொகையைப் பணத்தில் நிர்ணயித்து ஏலம் விட்டது. முறை நிலைக்கவில்லை. பின்னால் ரயத்துவாரி வந்தது. மிராசு கிராமங்களில் பங்குமுறை சட்டென்று மறையவில்லை என்றாலும் பணத்தீர்வை மெல்ல எங்கும் பரவியது. இப்போது உறவு இது: தீர்வை = விற்கும் நெல் × விலை. தீர்வையைச் சர்க்கார் நிர்ணயிக்கிறது. விலையைச் சந்தை. குடியானவனுக்கு எழுவாயாக்க மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, விற்க வேண்டிய நெல். தீர்வையை விலையால் வகுக்க வேண்டியதுதான்.

என் கற்பனை எண்களில் பாருங்கள். தீர்வை 20 ரூபாய், கலம் 2 ரூபாய் என்றால் 10 கலம் விற்கணும். விலை 1 ரூபாயானால் 20 கலம். நிலம் கொடுப்பது 30 கலம் என்றால் வீட்டுக்கு மிஞ்சுவது 20-லிருந்து 10-ஆகிவிடும். நிலமும் மழையும் மாறவில்லை, உழைப்பும் மாறவில்லை. சென்னை ராஜதானியில் 1820-களின் நடுவிலிருந்து 1850-கள் வரை தானிய விலை விழுந்தே கிடந்தது. நல்ல மகசூல் வந்த வருஷத்தில்தான் விலை இன்னும் இறங்கும்.

புரோகிராம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தொழில்முறைப் பயம் உண்டு. வகுத்தியில் நிற்கும் எண் சிறுத்துக்கொண்டே போனால் விடை வீங்கிக்கொண்டே போகும். பூஜ்யத்தால் வகுப்பதைக் கணினி மறுத்துவிடும். தாலுகா கச்சேரி மறுக்காது.

பயிர் பொய்த்தால் வஜா கேட்டு மனுப்போடலாம். அப்போது விளைச்சல் என்ற எழுத்து சமன்பாட்டுக்குள் திரும்ப வரும். அதன் மதிப்பை எழுதும் பேனா மட்டும் குடியானவன் கையில் இல்லை.

சுண்டல் காகிதத்தை அக்கா பெண் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கறையில் ஆரம் பாதி அழிந்திருந்தது. "பரவாயில்ல மாமா, மத்த ரெண்டும் இருக்குல்ல" என்றாள். செங்கல்பட்டு பஸ் வந்துவிட்டது.